பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

பழைய காருக்கு கிளட்ச் மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் பட்டறைக்குள் நுழைவார்கள்: "அண்ணா, இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கான கிளட்ச் எது?" செலவு கூடினாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை கியர்பாக்ஸை இறக்கும்படி ஆகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் பதிலுக்கு வேறு கேள்விகள்தான் கேட்பேன். கார் எங்கே ஓடுகிறது? யார் ஓட்டுகிறார்? வாரத்துக்கு எத்தனை நாள் வெளியே எடுப்பீர்கள்? ஏற்றத்தில் நிற்க வேண்டிய இடம் வீட்டிலோ வழியிலோ உண்டா? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் கிளட்ச் பற்றிப் பேச்சே தொடங்கும்.

கிளட்ச்சுக்கு இரண்டு வேலை. காலை எடுத்தால் என்ஜின் தரும் சுழற்சி முழுவதையும் நழுவாமல் கியர்பாக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். காலை வைத்தால் சுத்தமாக விட்டுவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்கிறோமே, அதுதான். நிற்கிற காரும் ஓடுகிற என்ஜினும் அங்கேதான் ஒன்றுக்கொன்று சமாதானம் ஆகின்றன. பிளேட் கொஞ்சம் நழுவி, கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் சூடாகி அந்தச் சமாதானத்தைச் செய்து வைக்கிறது. அந்த நழுவலுக்காகவே செய்யப்பட்ட பாகம் அது. கிளட்ச் தேர்வு என்பது எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதோடு, எவ்வளவு அழகாக நழுவ வேண்டும் என்பதையும் சேர்த்து முடிவு செய்வது.

எங்கள் பட்டறை சானமாவு பக்கம், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் காப்புக்காடு, மறுபக்கம் ராகியும் தக்காளியும் விளைகிற நிலம். மேற்கே சிறிது தூரம் போனால் சிப்காட் தொழிற்பேட்டை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊர் இது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கின. அவற்றைச் சுற்றி லேத், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், ஸ்பிரிங் என்று சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பழைய கார் வேலைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கடையில் கிடைக்காத புஷ்ஷை இங்கே கடைந்து தர ஆள் இருக்கிறது. மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்பதால் அங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் அத்திப்பள்ளியைத் தாண்டி எங்களிடம் வருகிறார்கள்.

அப்படி வருகிறவற்றில் எனக்குப் பிடித்தது கான்டெசா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்த கார். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் மாடலிலிருந்து வந்த உடல், நீண்ட பானெட், பின்சக்கர ஓட்டம். முதலில் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினைத்தான் அதற்கும் வைத்தார்கள். சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய உடலுக்கு அது போதவில்லை. பிறகு ஜப்பானின் இசுசு 1817 சிசி பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. அதன் பிறகுதான் காரின் தோற்றத்துக்கும் ஓட்டத்துக்கும் பொருத்தம் கூடியது. 2002இல் உற்பத்தி நின்றது. இன்று அதை இந்தியாவின் மசில் கார் என்று இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள்.

அந்தப் பட்டத்தில் எனக்கு ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் அந்த வகைக் கார்களுக்குத் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சொல்லும் 1964ஆம் ஆண்டு போன்டியாக் ஜிடிஓவில் 6.4 லிட்டர் வி8 என்ஜின், 325 குதிரைத்திறன். அந்தக் காருக்குக் கிளட்ச் தேடுகிறவர் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான பிரஷர் பிளேட்டையும், பிளேட்டின் உராயும் முகத்தில் கடிக்கிற ஃபேசிங்கையும் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் கான்டெசாவின் இசுசு என்ஜின் தருவது தொண்ணூறுக்கும் குறைந்த குதிரைத்திறன்தான். அதன் டார்க், அதாவது முறுக்குவிசை, 14 கிலோகிராம்-மீட்டரைத் தொடாது. அமெரிக்கக் காருக்காக எழுதப்பட்ட அறிவுரையைப் படித்துவிட்டு இங்கே அதே கிளட்ச்சைக் கேட்டால், காருக்குத் தேவையில்லாத ஒரு பிடியைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

புது கிளட்ச்சைத் தேடும் முன், பழையது ஏன் போனது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் செட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். டாப் கியரில் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறி, வண்டி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. நிறுத்திய வண்டியில் கிளட்ச்சை மிதித்து, சற்றுப் பொறுத்து ரிவர்ஸ் போடும்போதும் கரகரவென்று பல் அரைத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை. மிதித்ததும் கேட்கிற சத்தம் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில் கேட்டுக்கொண்டிருந்து, மிதித்ததும் அடங்குகிற சத்தம் கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங்கினுடையது. கிளம்பும்போது கார் உதறினால் உடனே பிளேட்டைக் குற்றம் சொல்லக் கூடாது. என்ஜின் மவுன்ட் கிழிந்திருந்தாலும், புரொப்பல்லர் ஷாஃப்டின் யு-ஜாயின்ட் ஆடினாலும் அதே உதறல் வரும். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார் என்றால் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஆயில் கசிவு எல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்போம்.

கியர்பாக்ஸை இறக்கியதும் பெல் ஹவுசிங்குக்குள் விரலை விட்டுப் பார்ப்பது என் வழக்கம். உலர்ந்த கறுப்புத் தூள் இருந்தால் அது வயதால் வந்த தேய்மானம். பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய். அம்பாசிடரிலும் முதல் கான்டெசாவிலும் இருந்த பி-சீரீஸ் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகு வரிதான் எண்ணெயைத் திருப்பி உள்ளே அனுப்ப வேண்டும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் எண்ணெய் பின்னால் வழிந்து கிளட்ச்சில் இறங்கும். அந்த எண்ணெயை நிறுத்தாமல் எவ்வளவு விலை உயர்ந்த பிளேட்டைப் போட்டாலும் பயன் இல்லை. ஃபேசிங் எண்ணெய் குடித்தால் கழுவித் திரும்பப் போடவும் முடியாது. சூடேறும்போதெல்லாம் உள்ளிருந்து எண்ணெய் கசிந்து மேலே வரும்.

அடுத்தது கணக்கு. பட்டறையில் வேலை கற்கும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பதை நான்கு எண்களைப் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம்: உராய்வு எண், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை, பிரஷர் பிளேட் தரும் அழுத்தம், ஃபேசிங்கின் சராசரி ஆரம். 200 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 130 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆரம் எட்டேகால் சென்டிமீட்டர். சாதாரண ஆர்கானிக் ஃபேசிங்கின் உராய்வு எண் 0.3 என்று வைப்போம். பிளேட்டுக்கு இரண்டு பக்கம். அழுத்தம் 400 கிலோ. பெருக்கினால் 19.8 கிலோகிராம்-மீட்டர் வருகிறது. என்ஜின் தருவது 14க்கும் கீழே. நாற்பது சதவீதத்துக்கு மேல் கையிருப்பு. சூட்டில் உராய்வு எண் 0.25க்கு இறங்கினாலும் 16.5 மிச்சம் இருக்கும். சாதாரணக் காருக்கு இவ்வளவு போதும், தாராளமாகப் போதும்.

இதே இடத்தில் சிராமிக் பட்டன் பிளேட்டைப் போட்டுப் பாருங்கள். அதன் உராய்வு எண் 0.45 என்று வைத்தால் விடை ஏறத்தாழ 30. என்ஜின் தருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பிளேட்டுக்கு ஹாஃப் கிளட்ச் என்கிற இடைவெளி மிகவும் குறுகியது. விட்டுக்கொண்டே இருக்கும், சட்டென்று பிடிக்கும். பிளைவீல் முகத்தையும் வேகமாக அரிக்கும். லாரிக்கும் டிராக்டருக்கும் அது பொருத்தம். அங்கே சுமை அதிகம், கியரும் ஷாஃப்டும் அதற்கேற்ற தடிமன். பந்தயக் காருக்கும் பொருத்தம். அங்கே ஒருமுறை கிளம்பிவிட்டால் பிறகு நிற்கும் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு நந்தி மலை போய் வருகிற கான்டெசாவுக்கு அது பொருந்தாது.

நடுவில் இன்னொரு வகை இருக்கிறது. கெவ்லர் இழை கலந்த ஃபேசிங். மெதுவாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் முதல் பல நூறு கிலோமீட்டர் மிகப் பொறுமையாக ஓட்டிப் பதப்படுத்த வேண்டும். அதற்குள் ஒருமுறை சூடாக்கிவிட்டால் முகம் பளிங்காகி, பிறகு எப்போதும் சரியாகப் பிடிக்காது. பெங்களூர் நெரிசலில் முதல் நாளே மாட்டிக்கொள்ளப்போகிற காருக்கு நான் அதைச் சொல்வதில்லை. என் பட்டறையில் பெரும்பாலான பழைய கார்களுக்கு இறுதியில் போவது நல்ல தரமான, நூலிழையும் பித்தளைக் கம்பியும் சேர்ந்த ஆர்கானிக் ஃபேசிங்தான்.

ஃபேசிங் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பழைய கடைகளின் பரணில் முப்பது நாற்பது வருடப் பெட்டி பிரிக்காத பிளேட்டுகள் இன்னும் கிடைக்கின்றன. ஒரிஜினல் என்று ஆசையாக வாங்குகிறார்கள். அந்தக் காலத்து ஃபேசிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிவரும். பெல் ஹவுசிங்கைக் கம்பிரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. எங்கள் பட்டறையில் அதற்கு அனுமதி இல்லை. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுவோம். உலகத்தில் எந்தக் காரும் ஒரு பையனின் மூச்சைவிடப் பெரிதில்லை.

பிரஷர் பிளேட்டுக்கு வருவோம். பழைய அம்பாசிடர் காலத்தில் வட்டமாக அடுக்கிய சுருள் ஸ்பிரிங்குகளும் மூன்று விரல்களும் கொண்ட வகைதான். மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் நிற்கும்படி செட் செய்வதே ஒரு தனி வேலை. அதில் ஒன்று ஏறி இறங்கினாலும் கார் கிளம்பும்போது உதறும். பிறகு டயஃப்ரம் வகை வந்தது. ஒரே தட்டு ஸ்பிரிங், அதுவே விரல்களாகவும் வேலை செய்கிறது. மிதிக்க இலகுவாக இருக்கும். இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. பிளேட் தேயத் தேயச் சுருள் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். டயஃப்ரமில் அழுத்தம் முதலில் சற்று ஏறி, கடைசியில்தான் இறங்கும். அதனால் தேய்ந்த பிளேட்டையும் அது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இரண்டில் எதைப் போடலாம் என்று கேட்டால், அந்தக் காரின் பிளைவீலும் ரிலீஸ் பேரிங்கும் எதற்காகச் செய்யப்பட்டவையோ அதைத்தான் போட வேண்டும் என்பேன். பிரஷர் பிளேட்டைத் தாங்கும் கவரை மட்டும் மாற்றி, பேரிங்கை அப்படியே விட்டால் உயரம் சேராது.

அழுத்தம் கூடிய கவர் என்றால் பெடலும் கனக்கும். இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அப்பா வாங்கிய காரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகும்போது அவர்கள் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இடது முட்டி வலிக்கிறது என்று காரையே வெளியே எடுக்காமல் விட்டுவிடுவார்கள். ஓடாத கார் வேகமாகக் கெடும். அதனால் கிளட்ச் தேர்வில் ஓட்டுகிறவரின் காலும் ஓர் அளவுதான்.

பெங்களூரிலிருந்து ஒருவர் கான்டெசா 1.8 ஜிஎல்எக்ஸ் கொண்டு வந்தார். வேறோர் இடத்தில் சிராமிக் பட்டன் பிளேட்டும் அழுத்தம் கூடிய கவரும் போட்டிருந்தார்கள். கிளட்ச் நழுவவே இல்லை, அதில் அவருக்குத் திருப்தி. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் கார் குதித்துக் கிளம்பியது. ரிவர்ஸ் எடுத்தால் முழு உடம்பும் அதிர்ந்தது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு பக்க என்ஜின் மவுன்டின் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நின்றது. பின் யு-ஜாயின்ட்டில் கையால் ஆட்டினாலே தெரிகிற அளவுக்கு ஆட்டம். டிஃபரன்ஷியலிலும் டக்கென்று ஒரு தட்டல். கிளட்ச் விட்டுக்கொடுக்க மறுத்ததால், அதன் பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாக அடி வாங்கியிருந்தன.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "சார், வீட்டு ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பி போட்டால் ஃபியூஸ் போகாது, வயரிங்தான் போகும்." கான்டெசாவில் கிளட்ச் பிளேட்டை இன்றும் புதிதாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. கியர்பாக்ஸின் மெயின் டிரைவ் கியருக்கும், சிங்க்ரோ ரிங்குக்கும், கிரவுன் வீல் பினியனுக்கும் அந்த வழி எளிதில் இல்லை. உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே இந்தக் காரில் ஏதாவது ஒன்று முதலில் தோற்க வேண்டும் என்றால், அது திரும்பக் கிடைக்கிற பாகமாக இருக்க வேண்டும். நான் கிளட்ச்சைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. சாதாரண அழுத்தமுள்ள கவர், ஆர்கானிக் பிளேட், புது மவுன்ட், புது யு-ஜாயின்ட் போட்டு அனுப்பினோம். காரின் பழைய மென்மை திரும்பியது என்றார்.

சாமானைத் தேடும் வேலை தனிக் கலை. அம்பாசிடரிலும் 1990களில் அதே இசுசு 1.8 என்ஜினை வைத்து 1800 ஐஎஸ்இசட் என்று விற்றார்கள். அரசு அலுவலகங்களிலும் போலீஸிலும் அந்த அம்பாசிடர்கள் நிறைய ஓடின. அதனால் கான்டெசா என்று கேட்டுக் கிடைக்காதபோது அந்த அம்பாசிடரின் பெயரைச் சொல்லித் தேடுவேன். பெங்களூர் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜிரி, சென்னை புதுப்பேட்டை என்று ஒரு சுற்று இருக்கிறது. எங்கே போனாலும் பழைய பிளேட் பையில் இருக்கும். பெட்டியின் மேல் அச்சடித்த பெயரை நம்பி வாங்குவதில்லை. வெளிவிட்டம், உள்விட்டம், ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை, ஸ்பிளைன் விட்டம், நடு ஹப் எந்தப் பக்கம் எவ்வளவு துருத்தி நிற்கிறது, டாம்பர் ஸ்பிரிங்குகளின் உயரம் என எல்லாவற்றையும் வெர்னியரில் பார்த்துத்தான் எடுப்பேன். ஹப்பின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலே டாம்பர் ஸ்பிரிங் பிளைவீல் போல்ட்டில் உரசும். பற்கள் சரியாக இருந்து இந்த உயரம் மாறியிருந்தால் மாட்டும்போது தெரியாது, ஓட்டும்போதுதான் தெரியும்.

ஓசூருக்கும் கிளட்ச்சுக்கும் நேரடி உறவே இருக்கிறது. ஜெர்மனியின் ப்யூல் நகரில் 1965இல் தொடங்கி, டயஃப்ரம் கிளட்ச்சை ஐரோப்பாவில் பரவலாக்கிய லுக் நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை ஓசூரில்தான் அமைந்தது. ரானே குழுமத்தோடு கூட்டாக இருந்து, பிறகு லுக் இந்தியா ஆகி, 2018இல் ஷெஃப்லர் இந்தியாவோடு இணைந்தது. இன்றைய கார்களுக்கும் டிராக்டர்களுக்கும் கிளட்ச் போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நின்றுபோன ஒரு காருக்கு நான் கிளட்ச் தேடுகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தத் தொழில் இங்கே இருப்பதால்தான் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அளந்து சொல்லவும், ரிவெட்டை ஒரே சீராக அடிக்கவும் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பிளேட்டே கிடைக்காதபோது பழைய பிளேட்டின் ஹப்பையும் டாம்பர் ஸ்பிரிங்கையும் சோதித்து, நன்றாக இருந்தால் புது ஃபேசிங் வாங்கி ரிவெட் அடித்துப் போடுகிறோம். ரிவெட் தலை ஃபேசிங்குக்குள் நன்றாக இறங்கி நிற்க வேண்டும். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாகச் சுழல வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் ரீலைனிங் செய்த பிளேட்டை நான் மாட்ட விடுவதில்லை.

பிளேட்டும் கவரும் புதிதாக வந்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. பிளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகள் இருந்தால் அங்கே இரும்பு கடுமையாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அந்த இடம் கடினமாகி, புதுப் பிளேட் அதன் மேல் உதறும். லேத்தில் அல்லது கிரைண்டரில் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு எடுக்க வேண்டும். படி உள்ள பிளைவீல் என்றால் உராயும் முகத்தில் எடுத்த அதே அளவைக் கவர் உட்காரும் முகத்திலும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கவரின் அழுத்தம் மாறிப்போகும். மெல்லிய மயிர்க்கோடு விரிசல் ஒன்று ஓரத்தை நோக்கி ஓடினாலும் அந்தப் பிளைவீலுக்கு விடை கொடுத்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடுகிற இரும்பு அது, ஓட்டுகிறவரின் கால்களுக்கு அருகில் இருக்கிறது.

ரிலீஸ் பேரிங்கை மட்டும் பழையதைப் போட்டால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. பேரிங்கின் விலை சிறிது. அதற்காகக் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி பெரிது. கிராங்க் ஷாஃப்ட் முனையில் உள்ள பைலட் புஷ்ஷையும் மாற்றிவிட வேண்டும். அது எண்ணெய் குடிக்கிற வெண்கலப் புஷ். மாட்டும் முன் நல்ல எண்ணெயில் ஊறப் போட வேண்டும். ஃபோர்க்கின் நுனிகள் தேய்ந்திருந்தால் வெல்டு வைத்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பிளைனில் கிரீஸ் மிக மெல்லிதாக, விரலால் பூசித் துடைத்தது போல இருந்தால் போதும். அதிகம் வைத்தால் சுழற்சியில் தெறித்து ஃபேசிங்கில் ஏறும். பிளேட்டை மையப்படுத்த எங்களிடம் பழைய கியர்பாக்ஸ்களின் ஷாஃப்டுகளையே டம்மியாக வைத்திருக்கிறோம். கவர் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் கவர் வளைந்துவிடும். கடைசியாகப் பெடலில் ஃப்ரீ பிளே, அந்தக் காரின் கையேடு சொல்கிறபடி.

ஓட்டிப் பார்க்க எங்களுக்கு நல்ல சாலை இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வருவதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மேலுமலை ஏற்றத்தில் டாப் கியரில் வேகத்தைக் குறைத்து, பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நழுவுகிற கிளட்ச் ஒளிய முடியாது. ஆனால் உண்மையான சோதனை எங்கள் காட்டுப் பக்கத்தில்தான். ராகி அறுவடைக் காலத்தில் தளி, ஜவளகிரி காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சானமாவுக்கு வரும். போடூர்ப் பள்ளம் அருகே அவை நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வனத்துறையினர் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வரிசை நீளும். சாய்வான இடத்தில் நிற்கிற பலர் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பார்கள். யானைகள் போய் முடிவதற்குள் காற்றில் எரிந்த ஃபேசிங் வாசனை வரும். அந்தச் சில நிமிடங்களில் பிளேட்டின் பல மாத ஆயுள் போய்விடும். எந்த நிறுவனத்தின் எந்த ஃபேசிங்கும் அந்தப் பழக்கத்தைத் தாங்காது.

அதனால் சாவியைக் கொடுக்கும்போது நான் காரோடு சேர்த்துச் சில வார்த்தைகளையும் கொடுக்கிறேன். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். ஓடும்போது கிளட்ச் பெடல் மேல் காலை ஓய்வாக வைக்காதீர்கள். அகலமான, உயரமான டயர் போட வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதலில் என்னிடம் கேளுங்கள். சக்கரத்தின் விட்டம் கூடினால் முதல் கியர் கனக்கும், ஒவ்வொரு கிளம்பலிலும் கிளட்ச் கூடுதல் நேரம் நழுவ வேண்டியிருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் இப்போது கிளட்ச்சே இல்லாத வண்டிகள் உருவாகின்றன. ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர்கள் செய்கின்றன. என்னிடம் வேலை கற்க வருகிற பையன்களுக்கு நாளைய பிழைப்பு அங்கேதான், அவர்களை அங்கே போகச் சொல்லி நானே அனுப்புகிறேன். ஆனால் மிச்சம் இருக்கிற கான்டெசாக்களும் அம்பாசிடர்களும் இன்னும் முப்பது வருடம் ஓட வேண்டுமானால் யாராவது இதைக் கற்று வைத்திருக்க வேண்டும். அவர்களுக்காக ஒரு நோட்டில் ஒவ்வொரு காரின் பிளேட் அளவு, ஸ்பிளைன், ஹப் உயரம், பிளைவீலில் எடுத்த அளவு, போட்ட ஃபேசிங், அது எவ்வளவு தூரம் ஓடியது என்று எழுதிவருகிறேன். பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வதும் இதுதான். கழற்றிய பிளேட்டை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். துடைத்து, அளவெடுத்து, காரின் எண்ணை எழுதி எடுத்து வையுங்கள். அடுத்த கிளட்ச் மாற்றும்போது உங்கள் மெக்கானிக் கேட்கப்போகும் முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.